குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்: மூணாறு மலையில் மறைந்துபோன இரண்டடிப் பாதை

குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் என்பது மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே 1908 முதல் 1924 வரை ஓடிய மலை ரயில். தண்டவாளங்களுக்கு இடையே இருந்த அகலம் இரண்டே அடி, அதாவது 610 மில்லிமீட்டர். பயணிகளுக்காகப் போடப்பட்ட பாதை அல்ல இது. கண்ணன் தேவன் மலைகளில் விளைந்த தேயிலையைத் தமிழ்நாட்டுச் சமவெளியின் பக்கம் கொண்டுவருவதற்காகத் தேயிலைக் கம்பெனி போட்டது. 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் பாதையை அடித்துக்கொண்டு போனது. அதன்பிறகு அங்கே ரயில் ஓடவில்லை.

இன்று மூணாறுக்குச் சுற்றுலா போகிறவர்கள் மாட்டுப்பட்டி அணை, எக்கோ பாயின்ட், குண்டளை ஏரி என்று பார்த்துக்கொண்டே கடைசியாக டாப் ஸ்டேஷன் போய் மேகத்தைப் படம் எடுத்துத் திரும்புகிறார்கள். அந்த ஊருக்கு ஏன் ‘ஸ்டேஷன்’ என்று பெயர் என்று கேட்பவர் குறைவு. போலீஸ் ஸ்டேஷனும் இல்லை, ரேடியோ ஸ்டேஷனும் இல்லை. ரயில் போய்ச் சேர்ந்த மேல் முனை அது. அங்கிருந்து சரக்கு கம்பிவடத்தில் தொங்கியபடி மலையிலிருந்து கீழே இறங்கியது. கம்பிவடத்தின் கீழ் முனை தேனி மாவட்டத்துக் கொட்டக்குடியில் இருந்தது. அதை ‘பாட்டம் ஸ்டேஷன்’ என்றார்கள். குரங்கணியிலிருந்து மேலே ஏறும் வழியில் ‘சென்ட்ரல்’ என்றொரு சிற்றூர் இன்றும் இருக்கிறது. மேல், நடு, கீழ் என்ற இந்த மூன்று பெயர்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் அழிந்துபோன ஒரு போக்குவரத்துச் சங்கிலியின் வரைபடம் கிடைத்துவிடும். இரும்பு போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

ஏன் இரண்டடி?

இந்தியாவில் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர், மீட்டர் கேஜ் 1,000 மில்லிமீட்டர். இவற்றைவிடக் குறைந்த அகலம் உள்ளவற்றை நேரோ கேஜ் என்ற குறுகிய பாதை வகையில் சேர்ப்பார்கள். அதில் 762, 610 என்ற இரண்டு அளவுகள்தான் இங்கே பெரும்பாலும் புழங்கின. மலையில் குறுகிய பாதையைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எளிது. மலைச்சரிவில் பாதை போட வேண்டுமானால் முதலில் சரிவை வெட்டி ஒரு திண்ணைபோலச் சமமாக்க வேண்டும். திண்ணையின் அகலம் கூடக்கூட வெட்ட வேண்டிய பாறையும் மண்ணும் பல மடங்கு பெருகும். குறுகிய பாதைக்குச் சிறிய திண்ணை போதும். வளைவுகளையும் இறுக்கமாக வளைக்கலாம், பாலங்களையும் சிறிதாகக் கட்டலாம். டார்ஜிலிங் மலை ரயிலும் இதே 610 மில்லிமீட்டர் பாதைதான்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. எச்சங்களைத் தேடிப் போகிறவர்களுக்கு இதுதான் முதல் பாடம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் எளிதாக வழுக்கும். ஆகவே ரயில் செங்குத்தாக ஏறாது. நீலகிரி மலை ரயிலில் ஏறக்குறைய 12 அடிக்கு ஓரடி உயரும் இடங்கள் உண்டு. அங்கே நடுவில் பல்தண்டவாளம் போட்டு, பல்சக்கரத்தால் பிடித்து ஏற வேண்டியிருக்கிறது. அப்படி எதுவும் இல்லாத சாதாரண ரயில் ஆற்றோரத்தையோ மலையின் சம உயரக் கோட்டையோ ஒட்டி, சுற்றிச் சுற்றி மெதுவாகத்தான் ஏறும். ஆட்டுப்பாதையும் ஒற்றையடிப் பாதையும் இப்படிப் போகாது. மலையில் நடக்கும்போது, ஒரே சீரான ஏற்றத்தில், திடீர் மேடுபள்ளம் இல்லாமல், சரிவை வெட்டிச் செய்த பழைய திண்ணை ஒன்று தென்பட்டால், அது வண்டிப் பாதையாகவோ ரயில்பாதையாகவோ இருந்திருக்க வாய்ப்பு உண்டு.

சமவெளியில் நிலைமை வேறு. திருவண்ணாமலைக்காரர்களுக்குப் பக்கத்து ஊரான திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-இல் 762 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு குறுகிய பாதை திறக்கப்பட்டது. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-இல் இன்னொன்று வந்து, 1913-இல் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குள் இரண்டும் மூடப்பட்டுவிட்டன. வயல்வெளியில் தண்டவாளத்தைப் பிடுங்கிய பிறகு மிஞ்சுவது ஒரு மண்மேடு. மண்மேட்டை உழுது சமப்படுத்த ஒரு பருவம் போதும். மலையில் வெட்டிய பாறையை யாராலும் பழையபடி ஒட்டிவைக்க முடியாது. நூறு ஆண்டு கழித்தும் குறுகிய பாதையின் உருவத்தைத் தேடுகிறவர்கள் மலைக்குப் போவது இதனால்தான்.

கிழக்கே பார்த்த மலை

கண்ணன் தேவன் மலைகள் அரசியல்படி திருவிதாங்கூரில் இருந்தன. 1877-இல் பூஞ்சாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ அவற்றைக் குத்தகையாகப் பெற்றார். பிறகு பின்லே கம்பெனி உள்ளே வந்து, 1897-இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் ப்ரொட்யூஸ் கம்பெனி உருவானது. நிலம் திருவிதாங்கூருடையது என்றாலும் மலையின் வாசல் கிழக்கே, தமிழ்நாட்டுப் பக்கம் இருந்தது. மேற்குப் பக்கம் அடர்ந்த காடும் நீண்ட ஆற்றுப் பள்ளத்தாக்குகளும். கிழக்குப் பக்கம் மலை ஒரேயடியாக இறங்கி, கீழே போடிநாயக்கனூர்ச் சமவெளியில் முடிந்துவிடுகிறது. செங்குத்து என்றாலும் கிட்டத்திலேயே சமவெளி. தேயிலை இந்தப் பக்கம் இறங்கி, மாட்டுவண்டியில் போடிக்குப் போய், அங்கிருந்து நெடுவழி கடந்து அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தை அடைந்து, தூத்துக்குடியில் கப்பல் ஏறியது. எஸ்டேட்டுக்கு வேண்டிய அரிசியும் பலசரக்கும் இதே வழியில் எதிர்த்திசையில் ஏறின.

ஆட்களும் இதே வழியில்தான் ஏறினார்கள். கங்காணிகள் சேர்த்துவந்த தென்தமிழ்நாட்டுக் கூலிக் குடும்பங்கள் மூட்டைமுடிச்சோடு இந்த மலையை நடந்தே ஏறின. தேயிலைப் பெட்டிக்குக் கம்பிவடம் இருந்தது; மனிதருக்குக் கால்தான். மூணாறு எஸ்டேட் லயங்களில் இன்றும் தமிழ் பேசப்படுவதற்கு இந்த மேற்குத் தொடர்ச்சி மலைவழியே காரணம்.

மலையின் உள்ளே விளைந்த தேயிலையைக் கிழக்கு விளிம்புவரை கொண்டுவர ஒரு வழி தேவைப்பட்டது. 1902-இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை வண்டிப் பாதை வெட்டப்பட்டது. அதை ஒட்டி முதலில் போடப்பட்டது இரட்டைத் தண்டவாளம் அல்ல, ஒற்றைத் தண்டவாளம். ஈவிங் முறை என்று அதற்குப் பெயர். வண்டியின் பாரத்தில் பெரும்பகுதியைத் தண்டவாளத்தில் ஓடும் சிறு சக்கரங்கள் தாங்கும். வண்டி சாயாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சாலையில் உருண்டு வரும். இழுத்தவை மாடுகள். கேட்கும்போது வேடிக்கையாகத் தோன்றினாலும் கணக்கு சரியானது. தண்டவாளச் செலவு பாதியாகிறது. மண்பாதையில் இழுப்பதைவிட ஒரு மாடு பல மடங்கு பாரத்தை இழுக்கிறது. பஞ்சாபில் பாட்டியாலா அரசும் இதே முறையில் 1907-இல் ஒரு பாதை போட்டது. அந்த ஒற்றைத் தண்டவாள எஞ்சின் ஒன்று டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. மூணாறின் மாட்டு ரயில் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்ய அதைப் பார்ப்பது உதவும்.

1908-இல் ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு இரண்டடி அகல இரட்டைத் தண்டவாளம் போட்டார்கள். சிறிய நீராவி எஞ்சின்கள் வந்தன. மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன் என்று நிலையங்கள். மூணாறு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டாப் ஸ்டேஷன் அதைவிட உயரம். எனவே தேயிலை சமவெளிக்கு இறங்குவதற்கு முன் இன்னும் மேலே ஏறியது. ஆற்றோரமாக மெதுவாக ஏறி விளிம்பை அடைந்து, அங்கிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர்க் கம்பிவடத்தில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் கீழே இறங்கியது. அதே 1908-இல்தான் நீலகிரி மலை ரயில் ஊட்டியைத் தொட்டது. அது கவர்னரும் அதிகாரிகளும் கோடைக்கு ஏறிய பாதை. குண்டளை ரயில் கம்பெனியின் சரக்குப் பாதை. இந்த வேறுபாடு பிறகு இரண்டின் தலைவிதியையும் தீர்மானித்தது.

தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்

1924 ஜூலையில் திருவிதாங்கூர், கொச்சி, மலபார் முழுவதும் வாரக்கணக்கில் மழை கொட்டியது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் அதைத் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்கிறார்கள். மூணாறு என்ற பெயரே முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்ற மூன்று ஆறுகள் கூடும் இடம் என்பதால் வந்தது. ஊருக்குப் பெயர் கொடுத்த ஆறுகள் ஊரையே மூழ்கடித்தன.

ரயில் ஏன் அவ்வளவு முழுமையாக அழிந்தது என்பதற்கு விடை பாதையின் அமைப்பிலேயே இருக்கிறது. சீரான ஏற்றம் வேண்டும் என்பதற்காகவே பாதை ஆற்றோரம் போடப்பட்டிருந்தது. ஒடுங்கிய பள்ளத்தாக்கில் ஆற்றோரம்தான் வெட்டுவதற்கு எளிது. வெள்ளம் வரும் இடமும் அதுவே. மலைச்சரிவு சரிந்து மண்ணும் மரமும் ஆற்றை அடைக்கும்போது தண்ணீர் தற்காலிக அணைபோலத் தேங்கும். அந்த அடைப்பு உடைந்தால் ஒரே வீச்சில் கீழே இறங்கும். அந்த வீச்சுக்கு முன்னால் இரண்டடிப் பாதையின் மெல்லிய தண்டவாளமும் சிறிய பாலங்களும் எம்மாத்திரம்! ரயிலைக் குறைந்த செலவில் சாத்தியமாக்கிய காரணங்களே அதை எளிதில் அழியவும் வைத்தன.

ஆனால் வெள்ளம் மட்டும்தான் ரயிலைக் கொன்றது என்று எழுதிவிடுவது பாதி உண்மை. டார்ஜிலிங், நீலகிரிப் பாதைகளிலும் மழையும் மண்சரிவும் பாதையை எத்தனையோ முறை பிய்த்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் சரிசெய்து ஓட்டியிருக்கிறார்கள். அவை பொதுப் போக்குவரத்து, மக்களுக்கும் அரசுக்கும் வேண்டியிருந்தன. கம்பெனிப் பாதை என்பது லாபநஷ்டக் கணக்கில் ஒரு வரி. 1924-க்குப் பிறகு லாரியும் சாலையும் மலிவாகிக்கொண்டிருந்தன. மேற்கே போன பழைய சாலையையும் வெள்ளம் அழித்திருந்ததால் திருவிதாங்கூர் அரசு புதிய வழியில் சாலை அமைத்தது. பெரியாற்றின் மேல் நேரியமங்கலம் பாலம் 1935-இல் திறக்கப்பட்டது. அதன்பின் மூணாறின் முகம் மெல்ல மெல்லக் கொச்சிப் பக்கம் திரும்பியது. கிழக்கு வாசலின் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியாக உதிர்ந்தது.

இதில் உறுத்துகிற ஒரு விஷயம் உண்டு. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்தது 1928-இல். மலை மேலே ரயில் இருந்தபோது மலையடிவாரத்தில் ரயில் இல்லை. அடிவாரத்துக்கு ரயில் வந்தபோது மேலே இருந்தது போய் நான்கு ஆண்டு ஆகியிருந்தது. ஒன்றுக்கொன்று துணையாக இருந்திருக்க வேண்டிய இரண்டு பாதைகள் சந்திக்கவே இல்லை. போடிப் பாதையும் சுகப்பட்டுவிடவில்லை. போர்க்காலத்தில் அதன் தண்டவாளத்தையும் கழற்றிப் போனார்கள். 1950-களில் மீண்டும் போட்டார்கள். 2010 இறுதியில் அகலப் பாதையாக்க நிறுத்தினார்கள். போடிக்கு மறுபடி ரயில் வந்தது 2023 ஜூனில்.

என்ன மிஞ்சியிருக்கிறது?

மூணாறில் ரயில் நிலையமாக இருந்த கட்டடம் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமானது. ஊரை ஒட்டி ‘அலுமினியம் பாலம்’ என்று சொல்லப்படுவது முன்பு ரயில் போன பாலம். பிறகு சாலைப் பாலமாக மாற்றப்பட்டது. நல்லதண்ணி எஸ்டேட்டில் 2005-இல் திறக்கப்பட்ட தேயிலை அருங்காட்சியகத்தில் ரயில் எஞ்சினின் சக்கரம் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. டாப் ஸ்டேஷனிலும் கீழே இறங்கும் வழியிலும் கம்பிவடத்தின் சிதைந்த அடித்தளங்களைக் காணலாம்.

நடுவில் இருக்கும் தொலைவுதான் கடினம். பழைய வண்டிப் பாதையும் ரயிலும் பெரும்பாலும் ஒரே பள்ளத்தாக்கில் இணைந்து போனதால், இன்றைய மாட்டுப்பட்டி–டாப் ஸ்டேஷன் சாலையின் சில வளைவுகளைப் பழைய பாதையின் வாரிசுகள் என்று சொல்லலாம். போதாக்குறைக்கு 1940-களிலும் 1950-களின் தொடக்கத்திலும் குண்டளை, மாட்டுப்பட்டி அணைகள் கட்டப்பட்டன. பள்ளத்தாக்கின் அடிப்பகுதி ஏரிகளுக்குக் கீழே போய்விட்டது. மிஞ்சியவற்றில் பெரும்பகுதி தேயிலைச் செடிகளுக்கு நடுவே, தனியார் எஸ்டேட்டுக்குள் இருக்கிறது.

தேடிப் பார்க்கும் மாணவர்கள் இரும்பை முதலில் தேட வேண்டாம். பழைய இரும்புக்கு எப்போதும் விலை உண்டு. மிஞ்சியிருப்பது வேலிக் கம்பமாகவோ கூரைத் தாங்கியாகவோதான் இருக்கும். கம்பத்தின் குறுக்குவெட்டைப் பாருங்கள்: அகன்ற அடி, மெல்லிய இடை, உருண்ட தலை என்று இருந்தால் அது தண்டவாளம். ஆனாலும் அது குண்டளை ரயிலுடையது என்று உடனே முடிவுகட்டக் கூடாது. வேறிடத்திலிருந்து வாங்கிவந்த பழைய தண்டவாளமாகவும் இருக்கலாம். இரும்பைவிட நம்பகமான சாட்சி கல். ஆற்றின் இரு கரையிலும் எதிரெதிரே செதுக்குக்கல் சுவர்கள் நின்று, நடுவே பாலம் இல்லாவிட்டால், அங்கே ஏதோ ஒன்று கடந்திருக்கிறது. சிற்றோடைகள் பாதைக்கு அடியில் போகக் கட்டிய சிறு கல்மதகுகள், வளைவின் உட்புறம் பாறையில் தெரியும் வெட்டுத் தழும்புகள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, உயரத்தை அளந்து, அடுத்த தடயத்தோடு ஒப்பிட வேண்டும். ஏற்றம் சீராக இருந்தால் ஊகம் வலுப்பெறும். கைப்பேசியின் இடங்காட்டியே இதற்குப் போதும். எதையும் பெயர்த்து எடுத்து வரக் கூடாது. இடத்தை விட்டுப் பெயர்ந்த தண்டவாளத் துண்டு வெறும் காயலான்கடைச் சாமான்தான்.

2019-இல் இந்தப் பாதையின் ஒரு பகுதியைச் சுற்றுலா ரயிலாகத் திரும்பக் கொண்டுவரும் யோசனை கேரளத்தில் பேசப்பட்டது. வந்தால் நல்லதுதான். ஆனால் பொம்மை ரயில் போடுவதற்கு முன் இருக்கிற கல்மதகுகளை யாராவது ஒருமுறை எண்ணி எழுதிவைப்பது அதைவிட அவசரமான வேலை. ஒவ்வொரு சாலை விரிவாக்கத்திலும் அவை ஒன்றிரண்டாகக் குறையக்கூடும்.

போகிறவர்கள் அறிய வேண்டியது

டாப் ஸ்டேஷனுக்கு மூணாறிலிருந்து சாலை இருக்கிறது. ஏறக்குறைய 32 கிலோமீட்டர். தமிழ்நாட்டுப் பக்கம் போடியிலிருந்து குரங்கணி வரை வண்டி போகும்; அதற்கு மேல் கால்நடைதான். குரங்கணியையும் டாப் ஸ்டேஷனையும் சாலையால் இணைக்க வேண்டும் என்பது கொட்டக்குடி ஊராட்சி மக்களின் நெடுநாள் கோரிக்கை. டாப் ஸ்டேஷன் கடைத்தெரு தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது என்பது அங்கே போகும் பலருக்குத் தெரியாது. அங்கிருப்பவர் வண்டியில் தன் தாலுகா அலுவலகம் போக வேண்டுமானால் கேரளத்துக்குள் சுற்றி வர வேண்டும்.

குரங்கணி வழியைச் சாதாரண நடைப்பயணமாக எண்ணக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குப் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடையில் அந்தச் சரிவின் புல் காய்ந்த தீக்குச்சிபோல இருக்கும். காற்று கீழிருந்து மேலே அடித்தால் தீ மனிதரைவிட வேகமாக ஏறும். வனத்துறையின் அனுமதி இல்லாமல், உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகவே கூடாது. மழைக்காலத்தில் ஆபத்து வேறு உருவில் வரும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து, எஸ்டேட் லயங்களில் தூங்கிக்கொண்டிருந்த 70 பேர் மடிந்தார்கள். பெரும்பாலானவர்கள் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், அவர்களுடைய முன்னோர் இதே மலைவழியில் ஏறி வந்தவர்கள். 1924-ஐப் படிப்பவர்கள் அதைப் பழைய கதையாக மட்டும் படிக்க முடியாது.

இந்த வரலாற்றை ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இலங்கை மலையகத்தில் ஓர் இணை இருக்கிறது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை சுமார் 30 கிலோமீட்டர்க்கு 762 மில்லிமீட்டர் அகலத்தில் 1903, 1904-இல் ஒரு தேயிலை ரயில் திறக்கப்பட்டது. அதுவும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வாழும் மலை, அங்கேயும் தேயிலைதான் சரக்கு. ஆனால் அதை முடித்தது வெள்ளம் அல்ல. லாரிப் போட்டியில் வருமானம் குறைந்து 1940-களில் மூடித் தண்டவாளத்தைக் கழற்றினார்கள். குண்டளையில் 1924-இல் மழை பெய்யாமல் போயிருந்தால், அந்த ரயில் எவ்வளவு காலம் ஓடியிருக்கும் என்பதற்கு இராகலைப் பாதை ஒரு தோராயமான கணக்குத் தருகிறது: இன்னும் இருபது ஆண்டு.